மஞ்சள் வைக்காத சேலை

சமயநல்லூர்
3.2.2025

முனீஸ்வரிக்கு உன் அண்ணன் அழகுபாண்டி எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். பேப்பரில் படம் வருகிறவர்களுக்கு என்ன குறை.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை உன் மதினி முத்துமீனாதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் மடித்து மாட்டுத் தீவன மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டாள். அவளுக்கு ஒளித்துவைக்கத் தெரியாது. எடுத்துப் பார்த்தேன். சென்னையில் ஏதோ ஒரு ஹாலில் முடியைக் குட்டையாக வெட்டிய பொண்ணு ஒன்று, சட்டை மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு கூனி நிற்கிறது. ‘மதுரைச் சிற்பி முனீஸ்வரியின் உடுத்தும் சிற்பம், தன் தாயின் கோடிச் சேலையில் செய்தது’ என்று கீழே போட்டிருந்தான்.

அம்மா செத்த அன்றைக்குக் கருத்தக்கண்ணன் மாமா கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடி அது. அரக்குச் சுங்குடி. அதை அம்மா மேல் மாமா போர்த்தியதை நீயும்தான் பார்த்தாய். அது அம்மாவோடு எரிந்துபோயிற்று என்றுதான் இந்த ஒன்றரை வருஷமாக நினைத்திருந்தேன். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வீடு வரவேண்டும் என்பது முறை. நான் முறைப்படி வந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நீ ஆள் விட்டு அந்தச் சேலையை உருவி வாங்கியிருக்கிறாய். சுடுகாட்டுச் சின்னக்கருப்பனைப் பிடித்துக் கேட்டேன். “தாயோட துணிய மக கேக்குது, எப்பிடிண்ணே குடுக்காம இருக்கிறது” என்கிறான்.

செத்தவர் மேல் கிடந்த துணி சுடுகாட்டு எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. இது உனக்குத் தெரியாமல் இல்லை. நீ எதையும் தெரிந்தே செய்கிறவள். கல்யாணத்தையும் அப்படித்தான் செய்தாய்.

சாதி விட்டு அந்த ஆளைக் கட்டிக்கொண்டு நீ போன அன்று, உன்னோடும் உன் வீட்டோடும் வாய் திறந்து பேசமாட்டேன் என்று கருப்பு கோவிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். ஒன்பது வருஷம் காப்பாற்றிவிட்டேன். பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

சேலையைத் திருப்பிக் கொடு. எரிக்க வேண்டும்.

அழகுபாண்டி


விளாங்குடி
6.2.2025

அண்ணே,

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். தீவன மூட்டையில் எழுதுகிற மாதிரி இப்போதும் பெரிசு பெரிசாகத்தான் எழுதுகிறாய். விளாங்குடிக்கும் சமயநல்லூருக்கும் பஸ்ஸில் கால் மணி நேரம். உன் கடிதம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. சாமிக்குப் பயந்தவர்கள் மெதுவாகத்தான் வரவேண்டும்போல.

சேலை கேட்கிறாய். சேலை இப்போது இல்லை. இருப்பது அம்மாவின் தோள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சாவதற்கு முந்தின வருஷம் அம்மா மூன்று தடவை இந்த வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்டப் போறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வருவாள். முக்காலியில் உட்காரவைத்துத் தோளிலும் முதுகிலும் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தேன். “சில்லுன்னு இருக்குடி” என்று சிரித்தாள். அவர்தான் காபி போட்டுக் கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்தாள். “மருமகனே, சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்றாள். ஆமாம், மருமகனே என்றுதான் கூப்பிட்டாள். உன் காது சிவந்தால் நான் பொறுப்பில்லை.

அந்த அச்சின் மேல் கோடிச் சேலையை ஐந்து அடுக்காகப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிக் காயவைத்தேன். காய்ந்தபின் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் வரும். அம்மாவுக்கு வலது தோள் இறங்கியிருக்கும், நினைவிருக்கிறதா? உன் தீவனக் கடைக்கு லாரியில் வந்த மூட்டைகளை இருபது வருஷம் இறக்கின தோள். அதை யார் மாட்டினாலும் அம்மாவைப் போலவே குனிந்துதான் நிற்க முடியும். அதுதான் நான் செய்தது. அந்தச் சென்னைப் பொண்ணு பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பு கடுக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஆயுசுக்கும் கழற்றாமல் போட்டிருந்தாள்.

சென்னையிலிருந்து அது வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. 24ஆம் தேதி பெங்களூருக்குப் போகிறது. அங்கேயும் நாலு பேர் போட்டுப் பார்க்கட்டும்.

தாய்மாமன் வீட்டுத் துணிமேல் இம்புட்டு உருக்கம் வைத்திருக்கிற நீ, கூடப் பிறந்தவளுக்கு என்ன அனுப்பினாய்? கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை வரவில்லை. ஒரு தீபாவளிக்கு ரவிக்கைத் துணி வரவில்லை. பிறந்த வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு முழம் துணி வந்திருந்தால், செத்தவள் மேல் கிடந்ததை நான் ஏன் உருவப் போகிறேன்.

இன்னொன்று. அம்மா சாவுக்கு அவரும் வந்தார். உன் ஆட்கள் நம் வாசலுக்கு விடவில்லை. டீக்கடை ஓரத்தில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் வெயிலில் நின்றார். அவரைத்தான் நீ ‘அந்த ஆள்’ என்று எழுதியிருக்கிறாய். அவருக்குப் பேர் பீமாராவ். பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் வாத்தியார். முறையில் உனக்கு மாப்ள.

முனீஸ்வரி


சமயநல்லூர்
10.2.2025

முனீஸ்வரிக்கு,

துணி வரவில்லை என்று எழுதியிருந்தாய். இந்தக் காகிதத்தோடு பார்சலில் வருகிறது. சுங்குடிதான். மதுரையில் நல்ல கடையில் எடுத்தேன்.

நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற சேலையென்றால் முனையில் மஞ்சள் வைத்துக் கொடுப்போம். இதில் வைக்கவில்லை. பிரித்ததும் உனக்கு விளங்கிவிடும். புருஷன் போனவளுக்குக் கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போடுகிற கோடி இது. அந்த நாள் என்றைக்கு வந்தாலும் நான் உன் தெருவுக்கு வரப்போவதில்லை. அண்ணன்காரன் செய்யவில்லை என்ற பேச்சு பின்னால் எனக்கு வேண்டாம். அதனால் முன்கூட்டியே செய்துவிட்டேன்.

பிறந்த வீட்டுச் சீர் இத்தோடு முடிந்தது.

அழகுபாண்டி


சமயநல்லூர், உன் கடை வாசல்
14.2.2025

அண்ணே,

உன் கடை ஷட்டருக்கு முன்னால் மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினோரு தடவை போன் செய்தேன். என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தேன். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டாய். கொஞ்ச நேரம் தகரத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். மதினி பக்கத்துக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பார்சலைப் பிரித்தது நான் இல்லை. புதன்கிழமை வேலையாகக் கோரிப்பாளையம் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், அவர் சேலையை மடியில் விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். “ஒங்க வீட்டுல இருந்து சேல வந்திருக்கு முனீசு. நாலு முனையும் பாத்துட்டேன், மஞ்சளக் காணோம். மறந்துட்டாகன்னு நெனச்சேன். அப்பறம்தான் லெட்டரப் படிச்சேன்” என்றார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. மூன்று வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தப்படுத்தினால்தான் உயிர். அம்மாவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ பரிதாபப்படுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஆட்டோ வந்தது. அவர் வெளியே போய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். “மச்சானே நாள் குறிச்சுட்டாக. எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கணும்” என்று சிரிக்கிறார். கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். டாக்டருக்குப் போன் செய்தேன். விட்டால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார்.

நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவருடைய அக்கா தங்கப்பொண்ணு வந்து காலைப் பிடித்து அழுதாள், கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். வாசலில் நின்று ‘ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க மாப்ள’ என்று ஒரு தடவை சொல்லு. போதும். உள்ளே வரவேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கெஞ்சுகிறேன் என்று எடுத்துக்கொள். எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

முனீஸ்வரி


சமயநல்லூர்
15.2.2025

முனீஸ்வரிக்கு,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கருப்பு சத்தியமாக அவருக்கு உடம்பு முடியவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பார்சலை அனுப்பியிருக்க மாட்டேன். உன் நாக்கும் சும்மா இருக்கவில்லை, என் கையும் சும்மா இருக்கவில்லை. முத்துமீனா நேற்றிலிருந்து எனக்குச் சோறு போடவில்லை. “தாலியோட இருக்கவளுக்குக் கோடி அனுப்புனவன் கையில நான் தட்டு நீட்ட மாட்டேன்” என்கிறாள்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வாரேன். ஆனால் இரண்டு காரியம் இருக்கிறது.

சாமியிடம் செய்த சத்தியத்தை நினைத்த நேரத்தில் மீற முடியாது. கோடாங்கி சோணையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கிடா வெட்டி அவிழ்த்துவிடலாம் என்கிறார். அது ஒன்று. இரண்டாவது, அம்மாவுடைய கோடி. “செத்தவ துணி ஊருக்குள்ள கெடக்கயில எந்தச் சத்தியத்தையும் அவுக்க முடியாதுப்பா, மொதல்ல அதச் சாம்பலாக்கு” என்று அவரும் சொல்கிறார்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் உன் வாசலுக்கு வந்தேன் என்று தெரிந்தால் இங்கே நாலு பேர் கேட்பார்கள். அம்மா துணியை வாங்கி எரிப்பதற்காகத்தான் போனேன் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கும் ஒரு காரணம் வேண்டும்.

நாளைக்கே அதைக் கொண்டுவந்து முத்துமீனாவிடம் கொடு. செவ்வாய்க்கிழமை கோவில் காரியம் முடிந்ததும் புதன்கிழமை வாரேன். நீயே யோசித்துக்கொள். ஒரு துணி பெரிசா, புருஷன் பெரிசா?

இதை உன் மதினியே பஸ் ஏறிக் கொண்டுவருகிறாள். அவளிடமே பதில் கொடுத்துவிடு.

அழகுபாண்டி


விளாங்குடி
16.2.2025

அண்ணே,

மதினியை நேற்று ராத்தங்க வைத்துவிட்டேன். பதில் எழுத எனக்கு ஒரு நாள் ஆகிவிட்டது.

‘அவரைக் கேட்டேன், கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’ என்று முதலில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டேன். பொய். அவரை நான் கேட்கவே இல்லை. கேட்டால் ‘குடுத்துரு முனீசு’ என்பார். எனக்குக் கொடுக்க மனசில்லை.

அச்சு அப்போதே உடைந்துபோயிற்று. இன்னொன்று செய்ய வழியில்லை. அம்மாவின் தோள் இந்த உலகத்தில் அது ஒன்றில்தான் இருக்கிறது. அதை நீ முறைக்காக எரிக்கவில்லை. ஊரில் நாலு பேர் வாயை மூடுவதற்காக எரிக்கப் போகிறாய். நீயே எழுதியிருக்கிறாய். அந்த நாலு பேருக்கு என் அம்மாவைக் கொடுக்க மாட்டேன். ஒரு துணி பெரிசா, புருஷன் பெரிசா என்று கேட்டாய். அதையே திருப்பி உன்னைக் கேட்கிறேன். உனக்கு ஒரு துணி பெரிசா, ஒரு உயிர் பெரிசா?

அவருக்குக் காலெல்லாம் நீர் கோத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியிலேயே தூங்குகிறார்.

நீ அனுப்பிய சேலையை வெட்டிவிட்டேன். நேற்று அவரை உட்காரவைத்து மார்பிலும் தோளிலும் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தேன். ஊசி குத்திக் குத்தி இடது கையில் முண்டாக நிற்கிற நரம்பையும் சேர்த்து எடுத்தேன். நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். “பாத்துச் செய். தப்பா வந்துச்சுன்னா மறுபடி எடுக்க நேரம் இருக்காது” என்றார். மதினி பக்கத்து அறையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவராக இதைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். பசை தடவும்போது என் மனசுக்குள் ஒன்று ‘நன்றாக வருகிறது, நன்றாக வருகிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த நாள் வந்தால் நான் இதை மாட்டிக்கொண்டு உட்காருவேன். நீ அனுப்பிய கோடியை அவர் உடம்பாகப் போட்டுக்கொள்வேன். அதன்பிறகு அண்ணன் என்று ஒருவன் வந்து போர்த்துவதற்கு என் தோளில் இடம் இருக்காது.

ஆனாலும் புதன்கிழமை வா. துணி இல்லாமல் வா. முடிந்தால் அதற்கு முன்னால் வா.

முனீஸ்வரி


சமயநல்லூர்
18.2.2025

முனீஸ்வரிக்கு,

சத்தியத்தை அவிழ்த்துவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். கல்லில் செய்த மனசு உனக்கு. முத்துமீனாதான், “அவ கல்லுன்னா நீ என்ன, பஞ்சா?” என்று கேட்டாள்.

காலையில் கோவிலுக்குப் போனேன். துணி எரியாமல் ஆகாது என்று சோணை முரண்டு பிடித்தார். “கருப்பு என்னையக் கேட்டுக்கிறட்டும், நீ வெட்டு” என்றேன். வெட்டினார். தலைகீழாகச் சூடம் காட்டி, திருநீறு பூசி, “போ, பேசு” என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் மலை மாதிரி இருந்தது, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அம்மாவுடையதை நீயே வைத்துக்கொள்.

எல்லாரும் போனபிறகு கோவிலில் தனியாக நின்று ‘மாப்ள’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. நாளைக் காலையில் பத்து மணிக்கு வாரேன். ஆட்டோவை வரச்சொல்லி வை. நானே கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறேன்.

இன்று சோறு போட்டாள்.

அழகுபாண்டி


சமயநல்லூர்
20.2.2025

முனீஸ்வரிக்கு,

நேற்று நான் கிளம்பும்போது முகத்தில் அடிக்கிற மாதிரிக் கதவைச் சாத்தினாய். வந்தேனா இல்லையா? பத்து மணி என்றேன், பத்துக்கு வாசலில் நின்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். நீ கொடுத்த தண்ணியைக் குடித்தேன். நம் வீட்டு ஆம்பளை யாரும் இதுவரைக்கும் செய்யாத காரியம் அது. அதெல்லாம் உன் கண்ணில் படவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சொல்லிவிட்டால் நீயே ஒத்துக்கொள்வாய். உன் எதிர்வீட்டில் நம் ஊர்த் தவசி இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, “அண்ணே, இங்கிட்டு யாரு வீட்டுக்கு?” என்று கேட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வெளியே வந்தார். முகத்தை மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வாயில் ‘சார், நல்லாருக்கீங்களா’ என்று வந்துவிட்டது. வாத்தியாரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று தவசி நினைத்துக்கொள்ளட்டும் என்று நாக்கு தானாகத் திரும்பிக்கொண்டது. முதல் தடவை சார் என்று சொன்னபிறகு பாதியில் எப்படி மாற்றுவது? உட்கார்ந்த பிறகும் அதுதான் வந்தது.

அவரும் ‘வாங்க சார், உக்காருங்க சார்’ என்றுதான் சொன்னார். ‘வாங்க மச்சான்’ என்று அவர் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் எனக்கும் வாய் வந்திருக்கும். முறை வேண்டும் என்கிறவர்கள் அவர்களும் ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் சொல்லாமல் இல்லை. ‘உடம்பப் பாத்துக்கங்க சார்’ என்றேன். தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை முத்துமீனாவோடு மறுபடி வாரேன். தவசிக்கு அங்கே வேலை சனிக்கிழமையோடு முடிகிறது என்று கேட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் அவரைப் பார்த்துக்கொள்.

அழகுபாண்டி


விளாங்குடி
10.3.2025

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் இருக்கவில்லை. அது உனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானமே வேன் பிடித்து வந்துவிட்டாய். நேற்று பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அதற்கும் வந்திருந்தாய். நான் உன்னோடு பேசவில்லை என்று மதினியிடம் குறைப்பட்டாயாம். பேசுவதைவிட எழுதினால்தான் நீ எல்லாவற்றையும் கேட்பாய்.

அந்தப் புதன்கிழமை நீ போனபிறகு அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். “சார்னுதான் கூப்புட்டாக. பரவாயில்ல, மரியாதையாத்தான் கூப்புட்டாக” என்றார். தெருமுனையில் நீ சொன்னபடி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் நின்றது. அவரைக் கிளப்புவதற்கு அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை சாப்பாட்டை நிறுத்தினார். சனிக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எதிர்வீட்டில் தவசி கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நீ கேட்ட அன்றைக்கே அம்மாவுடையதைக் கொண்டுவந்து உன் கடை வாசலில் போட்டிருக்கலாம். நீயும் உன் நாலு பேருக்கு ஒரு காரணத்தோடு, தலை நிமிர்ந்து வந்திருப்பாய். தவசியிடம் சொல்ல உனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். நான் போடவில்லை. அவர் போன மூன்றாம் நாள் பெங்களூர் லாரி வந்தது. அம்மாவின் தோளை வைக்கோல் வைத்துப் பெட்டிக்குள் இறக்கி நானேதான் ஆணி அடித்தேன். துக்க வீட்டில் ஆணி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுத் தங்கப்பொண்ணு காதைப் பொத்திக்கொண்டாள். என்னால் இதையெல்லாம் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம். நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது இந்த ஒரு மாதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை நான் சொன்னபடியே, நீ அனுப்பிய கோடியில் செய்ததை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய வீங்கின மார்பு என் மார்பின் மேல் இருந்தது. கையைத் தூக்க முடியாததால் மாரில் அடித்துக்கொண்டு அழ முடியவில்லை. பெண்கள் பயந்து என் பக்கத்தில் உட்காரவில்லை. நீ புதுச் சேலை கொண்டுவந்திருந்தாய். “கோடியப் போடுங்கண்ணே, பொழுதாகுது” என்று தங்கப்பொண்ணு வழி விட்டாள். நீ போர்த்தினாய், வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி போர்த்தினாய், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை மதினி பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். அப்போது உன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கவில்லை.

அதுவரைக்கும் எனக்குத்தான் வெற்றி என்று நினைத்திருந்தேன். பிறகு நீ அவர் காலடியில் போய் விழுந்தாய். “மாப்ள, என்னய விட்டுட்டுப் போயிட்டீகளே மாப்ள” என்று கதறினாய். தெரு முழுக்கக் கேட்டது. நம் ஊர் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள், கருத்தக்கண்ணன் மாமா நின்றார், தவசியும் நின்றான். யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. தவசி உன் தோளைப் பிடித்துத் தூக்கினான். “அண்ணன்காரன் என்னமா உருகுறான் பாரு” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். செத்தவருக்கு முறை சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஏழு தடவை சொன்னாய். நாக்கு எங்கேயும் திரும்பவில்லை. அதில் ஒன்றை மட்டும் புதன்கிழமை காலையில் சொல்லியிருந்தால் அவர் ஆட்டோவில் ஏறியிருப்பார்.

முனீஸ்வரி